மட்டக்களப்பு வெயிலில் வாளிக் கரட்: எங்கே பிழைக்கிறது?

கரட் என்றால் நுவரெலியாவிலிருந்து லொறியில் வருவது என்றே நம் சந்தைகளுக்குப் பழக்கம். 1,800 மீற்றருக்கு மேலே குளிரில் விளைகிற பயிரைக் கல்லடியிலோ காரைதீவிலோ வாளியில் வளர்க்க முடியுமா? முடியும். ஆனால் பலருக்குக் கிடைப்பது செழித்த தழையும், அதன் அடியில் பென்சில் பருமனில் ஒரு வேரும்தான். விதையையும் மண்ணையும் குறை சொல்ல முன்னர், எந்த மாதத்தில் விதைத்தீர்கள் என்று பாருங்கள்.

சித்திரை வருடப்பிறப்பு முடிந்து ஆறுதலாக விதைப்பதுதான் பெரிய தவறு. கரட் வேர் நன்றாகப் பருக்க 15 முதல் 21 பாகை செல்சியஸ் வெப்பம் தோது. நம் கரையோரத்தில் அது எந்த மாதமும் கிடைக்காது. இருப்பதில் குளிர்ச்சியான மார்கழி, தை மாதங்களைத்தான் பிடிக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் பகல் வெப்பம் 33, 34 பாகைக்குப் போகும், வாளி மண்ணும் காலையில் நனைத்தால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். விதை சரியாக முளைக்காது. முளைத்து வந்த கரட்டும் நார் பிடித்துக் கசக்கும். கார்த்திகையில் விதைத்தால் மாசி வாக்கில் பிடுங்கலாம். மாரி மழை கொட்டுமே என்பீர்கள். வாளியின் வசதியே அதுதானே, பெருமழைக்குத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைத்துக்கொள்ளலாம்.

விதை வாங்கும்போதும் கவனம் வேண்டும். நியூ குரோடா என்ற இனம் வெப்பத்தை ஓரளவு தாங்கும். குளிர்நாட்டு இனங்களின் நீளமான அழகான படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அடுத்தது, மிளகாய்க்கும் கத்தரிக்கும் செய்வதுபோல நாற்று வளர்த்துப் பிடுங்கி நடுவது. முளைத்தவுடன் கீழே ஓடுகிற ஆணிவேர்தான் பின்னர் கரட்டாகப் பருக்கிறது. அதன் நுனி முறிந்தால் இரண்டு மூன்று கால்களாகப் பிரிந்துவிடும். ஆகவே வாளியிலேயே நேரடியாக விதைக்க வேண்டும். அரை அங்குலத்துக்கு மேல் புதைக்கக்கூடாது. முளைக்க ஒன்று முதல் மூன்று வாரம் எடுக்கும். அதுவரை மேல்மண் ஒரு நாளும் காயக்கூடாது. நனைத்த சாக்கால் மூடி வையுங்கள், முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். ஒரு கிழமை பார்த்துவிட்டு ‘விதை பழுது’ என்று வாளியைக் கவிழ்ப்பவர்கள்தான் அதிகம்.

முளைத்தபின் நெருக்கமான செடிகளைக் கலைத்துவிட மனம் வராததும் ஒரு தவறே. இரண்டு அங்குலத்துக்கு ஒன்று மிஞ்ச வேண்டும். இழுத்தால் பக்கத்துச் செடியின் வேர் அசையும் என்பதால் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். வெட்டிய தளிரைச் சுண்டலில் போடலாம், வீணாகாது.

மண்ணுக்கு வருவோம். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரை மணலில் வேர் தடையில்லாமல் இறங்கும், ஆனால் நீரும் சத்தும் நிற்காது. மேற்கே, படுவான்கரை வயல்மண் காய்ந்தால் இறுகி வேரைக் கோணலாக்கும். இரண்டு பங்கு மணலுக்கு ஒரு பங்கு நன்றாக உக்கிய கூட்டெரு, கொஞ்சம் கழுவிய தும்புத்தூள் போதும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். பச்சைச் சாணமும் போடாதீர்கள், வேர் கிளைத்து மயிர் மயிராக வரும். யூரியாவை அள்ளிப் போட்டால் தழைதான் வளரும். கத்தரி, தக்காளி, வெண்டி நின்ற பழைய மண்ணில் வேர்முடிச்சுப் புழு இருக்கலாம். வெயில் காலத்திலேயே அந்த மண்ணை நனைத்துப் பரப்பி, கண்ணாடிபோன்ற பொலித்தீனால் மூடிச் சில கிழமைகள் வேகவிடுங்கள்.

நம் பக்கத்தில் யாரும் கணக்கெடுக்காத ஒன்று தண்ணீரின் உப்பு. வாவியோரக் கிணறுகள் கோடையில் உவர்க்கும். மரக்கறிகளில் கரட் உப்பை மிகக் குறைவாகத் தாங்குகிற ஒன்று. இலை நுனி கருகி, மண்ணின் மேல் வெள்ளைப் படலம் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான். மாரியில் கூரைத்தண்ணீரைப் பிடித்து வையுங்கள். கார்த்திகையில் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாளி ஓரடி ஆழமாவது இருக்க வேண்டும், அடியில் துளைகள் கட்டாயம். உரப்பையும் சரிதான், வாயை மடித்துவிட்டால் நிற்கும். கறுப்பு வாளியைச் சீமெந்துத் தரையில் வைத்தால் வேர் அவியும். இரண்டு செங்கல்லின் மேல் ஏற்றி, வெளியே சாக்கைச் சுற்றுங்கள். கரட்டின் தலை வெளியே தெரிந்தால் பச்சையாகிக் கசக்கும், மண் அணையுங்கள். சில நாள் காயவிட்டுப் பின் வெள்ளமாக ஊற்றினால் வெடிக்கும்.

சந்தைக் கரட்டின் அளவுக்கு வரட்டும் என்று பங்குனி கடந்தும் விட்டுவைக்காதீர்கள். வெயில் ஏறியபின் அது பருப்பதைவிட நார் பிடிப்பதே அதிகம். தலை பெருவிரல் பருமனுக்கு வந்ததும் முதல் நாள் மண்ணை நனைத்துவிட்டு மறுநாள் காலையில் பிடுங்குங்கள். தழையை உடனே வெட்டிவிட்டால் கரட் சீக்கிரம் வதங்காது.