பன்னிரண்டு பூஜ்யங்கள்: மறைகுறியாக்கம் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பீளமேட்டில் எங்கள் அலுவலகத்துக்கு ஆண்டுதோறும் ஐந்தாறு பேர் பயிற்சிக்கு வருகிறார்கள். இந்த முறை நான்கு பேருடைய நிரலைத் திறந்து பார்த்தேன். மூன்றில் ஒரே வரி: நான்ஸ் (ஒவ்வொரு செய்திக்கும் புதிதாகப் போட வேண்டிய எண்) இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பூஜ்யங்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் திருப்பூரில் நான் எழுதிய அதே வரி.

கடவுச்சொல்லைத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டாதீர்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது உங்கள் அம்மாவுக்கே தெரியும்.

சொந்தமாக ஒரு முறையைக் கண்டுபிடிப்பது

"முறையே யாருக்கும் தெரியாதே, எப்படி உடைப்பார்கள்?" என்று ஒரு பையன் கேட்டான். அந்தியூர் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். எந்தப் பிடிக்கு என்ன தொகை என்பது சந்தைக்கே தெரியும். இப்போது எந்த விரலைப் பிடித்தார் என்பதுதான் தெரியாது. மறைகுறியாக்க அறிஞர் ஆகுஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் 1883இல் எழுதியதும் இதையே: முறை எதிரியிடம் சிக்கினாலும், சாவி சிக்காதவரை செய்தி தப்ப வேண்டும். 2001இல் அமெரிக்கத் தரமாக வந்த ஏஇஎஸ் என்ற மறைகுறியாக்க முறை முழுவதும் வெளிப்படையானது. உலகமே மோதிப் பார்த்தும் நிற்கிறது. உங்கள் கண்டுபிடிப்பு ஒரு வாரம் தாங்கினால் ஆச்சரியம்.

பேஸ்64

தரவைச் சாதாரண எழுத்துகளாக மாற்றி எழுதும் முறை இது. சாவியே இல்லாமல் யாரும் திருப்பிவிடலாம். அது பூட்டே அல்ல.

ஒரே நான்ஸை மறுபடி பயன்படுத்துவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிகிறது. ஒரு சாவியோடு ஒரே ஒருமுறை மட்டும் சேர வேண்டிய எண்தான் நான்ஸ். ஏஇஎஸ்ஸை சிடிஆர், ஜிசிஎம் வகைகளில் ஓட்டும்போது சாவியும் நான்ஸும் சேர்ந்து நீண்ட எண்சரம் ஒன்றைத் தருகின்றன. செய்தியோடு அந்தச் சரத்தைக் கலப்பதுதான் மறைப்பு. நான்ஸ் மாறாவிட்டால் சரமும் மாறாது.

பின்னலாடை ஏற்றுமதியாளர் ஒருவருக்கு, வாங்குபவர்களுக்குத் தரும் விலைக்குறிப்புகளை மறைத்து வைக்கும் மென்பொருள் எழுதினேன். ஒவ்வொரு சோதனையிலும் வேறு வேறு விடை வந்தது. எரிச்சலில் பூஜ்யங்களைப் போட்டேன். எல்லாச் சோதனையும் தேறியது. காப்புப் பிரதிகள் ஒரு வாடகை சர்வரில் கிடந்தன, அதன் கடவுச்சொல் பல கைகளில் இருந்தது. மறைத்துத்தானே வைத்திருக்கிறோம் என்று இருந்துவிட்டோம்.

கணக்கைப் பாருங்கள். சரம் 583. ஒருவருக்குச் சொன்ன விலை 142 ரூபாய். பத்தைத் தாண்டினால் கடைசி இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இலக்கம் இலக்கமாகக் கூட்டினால் 625. இன்னொருவருக்கு 147, அதே சரத்தோடு கூட்டினால் 620. முதல் இரண்டு இலக்கமும் ஒன்றாக இருப்பதிலேயே இரு விலைகளும் அருகருகே என்பது தெரிந்துவிடுகிறது. முதலாமவருக்குத் தன் விலை 142 என்று தெரியும். 625இலிருந்து அதையும் இலக்கம் இலக்கமாக, தேவைப்பட்டால் பத்தைச் சேர்த்துக்கொண்டு, கழித்தால் 583 கையில் வந்துவிடும். 620இலிருந்து 583ஐ அதேபோல் கழித்தால் அடுத்தவர் விலை 147. ஏஇஎஸ்ஸை அவர் தொடவே இல்லை. கணினி இதைப் பிட்டுகளில், எக்ஸார் என்ற கூட்டல் போன்ற செயலைக் கொண்டு செய்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

ஈரோட்டிலிருந்து வந்த ஓர் அண்ணன் எங்கள் கோப்புகளை மதியச் சாப்பாட்டுக்கு முன் இப்படித் திறந்து காட்டினார். முதலாளி கத்தவில்லை. "தம்பி, அப்படியென்றால் இரண்டு வருடமாகப் பூட்டே போடவில்லையா?" என்று மட்டும் கேட்டார். எல்லாவற்றையும் புதிதாக மறைத்துக் கொடுத்தோம். ஆனால் ஏற்கெனவே வெளியே போன பிரதிகளை யார் திரும்ப வாங்குவது? அடுத்த ஆண்டு அந்த வேலை எங்களுக்கு வரவில்லை.

சோவியத் உளவுத்துறைக்கும் இதுதான் நேர்ந்தது. ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய சாவித் தாள்கள் 1942இல், போர் நெருக்கடியில், இரட்டையாக அச்சாகிவிட்டன. 1943இல் அமெரிக்கர்கள் தொடங்கிய வெனோனா திட்டம் அந்த ஓட்டை வழியாகத்தான் செய்திகளைப் படித்தது.

ஜிசிஎம்மில் ஆபத்து இன்னும் கூடுதல். நான்ஸ் திரும்பினால் செய்தியின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கும் உட்சாவியும் கசியும். எதிரி போலிச் செய்தியே தயாரிக்கலாம். ஒவ்வொரு முறையும் இயங்குதளத்திடமிருந்து புதிதாகப் பன்னிரண்டு தற்செயல் பைட் கேட்டு வாங்குங்கள். அதை மறைத்த செய்தியோடு சேர்த்தே வைக்கலாம். நான்ஸ் ரகசியம் அல்ல. இப்படி எடுத்தாலும் ஒரே எண் தற்செயலாக மறுபடி வரலாம், அதனால் ஒரே சாவியில் ஏறத்தாழ 429 கோடிச் செய்திகளோடு நிறுத்திவிட வேண்டும். எந்த பனியன் கம்பெனிக்கும் அது போதும்.

இதையெல்லாம் சொன்ன மறுநாள் மூவரில் ஒருவர், "அண்ணா, பூஜ்யங்களை எடுத்துவிட்டேன்" என்று வந்தார். ஒன்று முதல் பன்னிரண்டு வரை வரிசையாக எழுதியிருந்தார்.

உப்பில்லாத ஹாஷ்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. கடவுச்சொல்லைத் திருப்ப முடியாத எண்சரமாக மாற்றுவது ஹாஷ். அதற்கு முன் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கலக்கும் தற்செயல் எண் உப்பு. லிங்க்ட்இன்னிலிருந்து 2012இல் கசிந்த ஹாஷ்களில் உப்பு இல்லை. ஒரே கடவுச்சொல் வைத்த அத்தனை பேரும் ஒன்றாக அகப்பட்டார்கள். ஷா-256 என்ற ஹாஷ் முறை வேகமானது, அதனால் ஊகிப்பவருக்கும் வேகம்தான். கடவுச்சொல்லுக்கு, மெதுவாக ஓடும்படியே செய்த ஆர்கான்2 அல்லது பிகிரிப்ட் போடுங்கள்.

சாவியை நிரலுக்குள் எழுதுவது

வேண்டாம். எழுதி, நிரல் மாற்றங்களையெல்லாம் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) ஏற்றியும்விட்டீர்கள் என்றால் அந்த வரியை அழித்துப் பயனில்லை, பழைய பதிவுகளில் அது இருக்கும். சாவியை மாற்றுங்கள், இன்றைக்கே.