அரை மாத்திரை என்றால் எத்தனை மில்லிகிராம்? ஸ்டீராய்டைக் குறைக்கும்போது நடக்கும் தவறுகள்

சீட்டில் "½-0-0" என்று இருக்கிறது. போன மாதம் கையில் இருந்தது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டின் 5 மி.கி. மாத்திரை, அதில் பாதி 2.5 மி.கி. இந்த மாதம் கடையில் 5 இல்லை என்று 10 கொடுத்துவிட்டார்கள். வீட்டில் வழக்கம்போல அரை மாத்திரை. அளவு இரட்டிப்பாகிவிட்டது, யாருக்கும் தெரியவில்லை. அடுத்த முறை பழையபடி 5 கிடைத்து அதில் பாதிக்குத் திரும்பும்போது, ஒரே நாளில் அளவு பாதியாகிறது. சோர்வு, மூட்டுவலி, குமட்டல் எல்லாம் வரும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து ஓடுவார்கள்.

அதனால் "அரை", "கால்" என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். மருத்துவரிடம் மில்லிகிராமில் எழுதி வாங்குங்கள். சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு கட்டத்திலும் "3.75" என்று எண்ணாகவே குறித்து, விழுங்கியதும் அடித்துவிடுங்கள். அட்டையை வெட்டிக் கொடுக்கும் கடைகளில் இன்னொரு தொல்லை: பெயரும் மி.கி. அளவும் அச்சான பக்கம் கடையிலேயே நின்றுவிடும். 5 மி.கி. எது, 10 மி.கி. எது என்று மாத்திரையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. முழு அட்டையாக வாங்குங்கள்; பெயர் இருக்கும் பக்கத்து மாத்திரையைக் கடைசியாக எடுங்கள்.

கடைசி 5 மி.கி.தான் கஷ்டம்

சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி ஒரு நாளைக்குச் சுரக்கும் கார்டிசால், அதாவது உடம்பின் சொந்த ஸ்டீராய்டு, ஏறத்தாழ 4 முதல் 6 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் அந்த அளவோ அதற்கு அதிகமாகவோ மாத்திரை போனால், சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். அது மறுபடி எழுந்து வேலைக்கு வர வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். மூன்று நான்கு வாரத்துக்குக் குறைவாக எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் படிப்படியான குறைப்பே தேவைப்படாது.

கணக்கைப் பாருங்கள். 40-இலிருந்து 35-க்கு இறங்குவது எட்டில் ஒரு பங்கு. 5-இலிருந்து 2.5-க்கு இறங்குவது பாதி. 40 எடுக்கும் நாளில் ஒரு துண்டு சற்றுப் பெரிதாக உடைந்தால் ஒன்றும் ஆகாது. 5-க்குக் கீழே வந்தபின் அதே கோணல் துண்டு, மருத்துவர் ஒரு மாதத்தில் குறைக்கச் சொன்ன அளவையே விழுங்கிவிடும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அளவு அதிகமாக இருக்கும்போது பயந்து பயந்து குறைப்பார்கள். 5 வந்ததும் "சின்ன டோஸ்தானே" என்று நிறுத்திவிடுவார்கள்.

உடைப்பதைக் குறையுங்கள்

20 மி.கி. மாத்திரையை நாலாக உடைத்து 5 எடுப்பது காசு மிச்சம்போலத் தெரியும். பாதியாக உடைப்பதிலேயே பிழை வரும். அந்தப் பாதியை மறுபடி உடைத்தால் கோடும் இல்லை, பிடிமானமும் இல்லை, ஓரம் பொடியாகும். 5, 2.5 இரண்டு அளவும் கையில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான படிகளுக்குக் கத்தியே தேவையில்லை. 7.5-க்கு ஐந்தும் இரண்டரையும். 3.75-க்கு ஒரு இரண்டரையும் இன்னொன்றின் பாதியும். 1.25-க்கு இரண்டரையில் பாதி. கால் துண்டு என்ற படியே வராது.

1 மி.கி. மாத்திரை எல்லாக் கடையிலும் இருக்காது. தோளும் இடுப்பும் வலித்து விறைக்கும் பாலிமயால்ஜியா ருமாட்டிகா நோய்க்கு ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுநோய் மருத்துவ அமைப்புகள் 2015-இல் தந்த பரிந்துரை, நோய் அடங்கியபின் நான்கு வாரத்துக்கு 1 மி.கி. குறைக்கச் சொல்கிறது, அதுவே இன்னொரு வழியும் தருகிறது. ஒரு நாள் 10, மறுநாள் 7.5 என்று மாற்றி மாற்றி எடுத்தால் சராசரி 8.75, அதாவது 1.25 குறைந்த கணக்கு. மாத்திரையை உடைக்காமலே குறைத்தாயிற்று. உங்கள் நோய்க்கு இது பொருந்துமா என்று கேட்டுவிட்டுத்தான்; நாள் மாறிப்போகாமல் இருக்க நாட்காட்டிக் குறிப்பு இங்கே கட்டாயம்.

உடைத்தே ஆகவேண்டும் என்றால், மருந்துக்கடையில் கிடைக்கும் பில் கட்டர் வாங்குங்கள். காய்கறிக் கத்தியில் ஒரு பாதி அடுப்பு மேடைக்குக் கீழே போகும், மறுபாதி நொறுங்கும். மாத்திரையின் கோடு பிளேடுக்கு நேர் கீழே வரும்படி வைத்து, மூடியை ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். மெதுவாக அறுத்தால் பொடிதான் மிஞ்சும். முழு அட்டையையும் ஒரே நாளில் உடைத்து டப்பாவில் போடாதீர்கள். இன்று ஒரு பாதி, அதன் மறுபாதி நாளைக்கு. இன்று சற்றுக் கூடியது நாளைக்குக் குறையும், இரண்டு நாளில் கணக்கு நேராகும். உடைத்த பாதி ஈரக்காற்றில் நாள்கணக்கில் கிடக்கவும் வேண்டியதில்லை.

கோடு இல்லாத, வழவழப்பான பூச்சுள்ள, குடலில் போய்க் கரையும் மாத்திரைகளையும், மெல்ல மருந்தை விடும் புடசோனைடு என்ற ஸ்டீராய்டு கேப்ஸ்யூல்களையும் உடைக்கக் கூடாது. தண்ணீரில் கரையும் வகை மாத்திரையைக் கரைத்துப் பாதியைக் குடிப்பதும் நம்பத்தக்க வழி இல்லை. மருந்து அடியில் தங்கும், முதல் மடக்கில் ஒரு அளவு, கடைசி மடக்கில் இன்னொரு அளவு. அதைவிடச் சிரப் மேல், ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து எடுக்கலாம். ஆனால் 5 மி.லி.யில் 5 மி.கி. உள்ளதும் இருக்கிறது, 15 மி.கி. உள்ளதும் இருக்கிறது. லேபிளைப் படிக்காமல் 1 மி.லி. எடுத்தால் 1 மி.கி.யா 3 மி.கி.யா என்பது அதிர்ஷ்டம்.

மாத்திரையின் பெயர் மாறினாலும் இதே சிக்கல். 5 மி.கி. பிரெட்னிசோலோன் என்பது 4 மி.கி. மெத்தில்பிரெட்னிசோலோன், 6 மி.கி. டெஃப்லாசகார்ட், சுமார் 0.75 மி.கி. டெக்சாமெத்தசோனுக்குச் சமம். "எல்லாம் ஸ்டீராய்டுதானே" என்று எண்ணை மட்டும் வைத்து மாற்றிவிடக் கூடாது.

மாத்திரைக்கு வெளியே

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்குப் பிரெட்னிசோலோன் உடம்பில் வேகமாக அழிந்துவிடும். சீட்டில் உள்ள அளவு உள்ளே பாதி வேலைதான் செய்யும். ஃபெனிட்டாயின், கார்பமசெபின் போன்ற வலிப்பு மாத்திரைகளும் அப்படியே. சர்க்கரை நோய்க்காரர்களுக்கு எதிர்ப்பக்கம் ஆபத்து: ஸ்டீராய்டு குறையும்போது இன்சுலினும் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையும் பழைய அளவிலேயே நின்றால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும்.

காய்ச்சல் நாளில் குறைப்பு நிற்கவேண்டும். பெரும்பாலும் அளவைச் சில நாளைக்கு ஏற்றவும் வேண்டும். எவ்வளவு ஏற்றுவது, எத்தனை நாள் என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே சீட்டில் எழுதி வாங்கிவையுங்கள். மாத்திரை வயிற்றில் நிற்காமல் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தால், எழுந்து நின்றால் தலைசுற்றி விழப்பார்த்தால், வீட்டில் காத்திருக்கக் கூடாது. மருத்துவமனையில் முதலில் போடவேண்டியது 100 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் ஊசி. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.

நிறுத்தும் கட்டத்தில் சில மருத்துவர்கள் காலை 8 மணி கார்டிசால் பார்க்கச் சொல்வார்கள். அன்றைய மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய் ரத்தம் கொடுப்பது வழக்கமான தவறு. பிரெட்னிசோலோனையே சில கருவிகள் கார்டிசாலாக எண்ணிவிடும். கடைசி மாத்திரைக்கும் ரத்தம் எடுப்பதற்கும் நடுவே குறைந்தது 24 மணி நேரம் வேண்டும். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி எழுந்துவிட்டது என்று நிறுத்தலாம். 5 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் அதே சிறிய அளவைத் தொடர்ந்து, சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். நிறுத்தியபின்னும் ஓராண்டு வரை, பல் பிடுங்கவோ அறுவை சிகிச்சைக்கோ போனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.