நெட்வொர்க் லோட் பேலன்சருக்கு ஹெல்த் செக் அமைப்பது எப்படி: மண்டபம் ஐஸ் கம்பெனியை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனிக்கு வெப்பநிலை சென்சார்கள் போட்டுக் கொடுத்திருந்தேன். ஐஸ் பார் உறைகிற உப்புத் தண்ணீர்த் தொட்டியில் மூன்று, கம்ப்ரஸர் அறையில் ஒன்று. ஒவ்வொரு சென்சாரும் அரை நிமிடத்துக்கு ஒரு வரி அனுப்பும். டிசிபி இணைப்பு வழியாக அந்த வரி அமேசான் வெப் சர்வீசஸின் (ஏடபிள்யூஎஸ்) மும்பை ரீஜனுக்குப் போகும். அங்கே முன்னால் ஒரு நெட்வொர்க் லோட் பேலன்சர் (வருகிற இணைப்புகளைச் சர்வர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது), பின்னால் இரண்டு சர்வர்கள். கன்சோலைத் திறந்தால் இரண்டுமே பச்சை நிறத்தில் 'ஹெல்தி' என்று காட்டும்.

ஒரு நாள் ராத்திரி கம்ப்ரஸர் நின்றுபோனது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. விடியற்காலையில் படகுக்கு ஐஸ் ஏற்ற வந்தவர்கள் கேனைக் கவிழ்த்தால், பாருக்கு நடுவில் உறையாத தண்ணீர். "தம்பி, ஒன் பொட்டி ராத்திரி பூரா என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்துச்சு?" என்று கம்பெனி அண்ணன் கேட்டார். அந்தக் கேள்விக்கான விடைதான் இந்தப் பதிவு.

நடந்தது இதுதான். ஒரு சர்வரில் லாக் கோப்புகள் பெருகி டிஸ்க் நிரம்பிவிட்டது. செயலி ஓடிக்கொண்டிருந்தது, போர்ட்டும் (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) திறந்திருந்தது. யார் இணைப்புக் கேட்டாலும் கொடுத்தது, வந்த வரியை மட்டும் எழுத முடியவில்லை. லோட் பேலன்சரின் ஹெல்த் செக், அதாவது சர்வர் நலமா என்று அடிக்கடி பார்க்கும் சோதனை, போர்ட்டைத் தட்டிப் பார்க்கும், கதவு திறந்தால் திருப்தியாகப் போய்விடும். ஷட்டர் தூக்கியிருக்கிறது, கல்லாவில் ஆள் இல்லை. தெருவிலிருந்து பார்க்கிறவருக்குக் கடை திறந்திருப்பதாகத்தானே தெரியும்?

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நெட்வொர்க் லோட் பேலன்சரில் ஒரு டிசிபி இணைப்பு எந்த சர்வருக்குப் போகிறதோ, அது முடியும்வரை அங்கேயேதான் இருக்கும். கம்ப்ரஸர் அறை சென்சார் அந்தப் பழுதான சர்வரோடு இணைந்திருந்தது. சர்வர் 'ஹெல்தி' என்றே இருந்ததால் அந்த இணைப்பை யாரும் அறுக்கவில்லை.

தொடங்கும் முன்

உங்களிடம் ஓர் ஏடபிள்யூஎஸ் கணக்கும், ஒரே விபிசிக்குள் (உங்களுக்கென்று இருக்கும் தனி நெட்வொர்க்) வெவ்வேறு அவெய்லபிலிட்டி சோன்களில் (ஒரே ரீஜனுக்குள் தனித்தனி டேட்டா சென்டர்கள்) இரண்டு ஈசி2 சர்வர்களும் (ஏடபிள்யூஎஸ்ஸின் வாடகை சர்வர்கள்) இருக்க வேண்டும். என் உதாரணத்தில் சென்சார் வரிகளை வாங்கும் செயலி 7000ஆம் போர்ட்டில் ஓடுகிறது. லோட் பேலன்சருக்கு மணிக்கணக்கில் கட்டணம் உண்டு, டிராஃபிக் இல்லாவிட்டாலும் ஓடும். பழகி முடித்ததும் மறக்காமல் அழித்துவிடுங்கள்.

படி 1: சர்வரில் ஒரு ஹெல்த் பக்கம்

பலரும் நேராக கன்சோலுக்குப் போவார்கள். நான் சர்வரிலிருந்து தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது சர்வர்தான்.

பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றுவேகமானி இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் சிக்னல் தானாகச் சிவப்பாகும், ரயில் நிற்கும். காற்றை அளந்தது பாலத்தில். மண்டபம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அளந்திருந்தால் கடல் நடுவில் என்ன வீசுகிறது என்று தெரிந்திருக்காது. ஹெல்த் செக்கும் வேலை நடக்கிற இடத்தில் அளக்க வேண்டும்.

அதனால் 7000இல் ஓடும் அதே செயலிக்குள், 8080ஆம் போர்ட்டில் ஒரு சின்ன ஹெச்டிடிபி பக்கத்தைத் திறங்கள். பாதை: ஒரு சாய்வுக்கோடு, அதன்பின் 'ஹெல்த்' (ஆங்கிலச் சிற்றெழுத்தில்). யாராவது அந்தப் பக்கத்தைக் கேட்டால் செயலி இரண்டு காரியம் செய்யட்டும். டிஸ்க்கில் ஒரு சிறு கோப்பை எழுதி அழித்துப் பார்க்க வேண்டும். வரிகளைச் சேமிக்கும் த்ரெட் (செயலிக்குள் தனியாக ஓடும் வேலை) கடைசியாக எப்போது அசைந்தது என்று பார்க்க வேண்டும், 60 விநாடிக்குள் என்றால் சரி. இரண்டும் சரியென்றால் 200 என்ற ஹெச்டிடிபி பதில் எண் ('சரி'), ஏதாவது ஒன்று தவறினால் 503 ('இப்போது முடியாது').

இதைத் தனி செயலியாக ஓட்டாதீர்கள். தனியாக ஓட்டினால் முதன்மைச் செயலி செத்துக் கிடந்தாலும் ஹெல்த் செயலி 200 சொல்லிக்கொண்டே இருக்கும்.

டேட்டாபேஸையும் இதில் சோதிக்கலாமே என்று தோன்றும். நான் சேர்ப்பதில்லை. இரண்டு சர்வருக்கும் பொதுவான டேட்டாபேஸ் ஒரு நிமிடம் தடுமாறினால் இரண்டும் ஒரே நேரத்தில் நோயாளி ஆகிவிடும், எதற்கு மாற்றிவிடுவது? அந்தந்த சர்வருக்கு மட்டும் வரக்கூடிய கோளாறை மட்டும் இந்தப் பக்கம் சொல்லட்டும். டேட்டாபேஸுக்குத் தனியாக அலாரம் வையுங்கள்.

எழுதி முடித்ததும் அந்தப் பக்கம் எந்த முகவரியில் கேட்கிறது என்று பாருங்கள். 127.0.0.1 (சர்வர் தன்னையே குறிக்கும் முகவரி) என்றால் சர்வருக்குள்ளிருந்து சோதிக்கும்போது அழகாக 200 வரும், லோட் பேலன்சருக்கோ எட்டவே எட்டாது. 0.0.0.0 (சர்வரின் எல்லா முகவரிகளிலும் கேட்பது) என்று மாற்றுங்கள். புதிதாகச் செய்பவர்கள் அரை நாள் தொலைக்கும் இடம் இது.

படி 2: டார்கெட் குரூப்

லோட் பேலன்சர் டிராஃபிக்கை அனுப்பும் சர்வர்களின் பட்டியல்தான் டார்கெட் குரூப். ஈசி2 கன்சோலில் இடப்பக்கம் 'டார்கெட் குரூப்ஸ்', அதில் 'கிரியேட் டார்கெட் குரூப்'. வகை 'இன்ஸ்டன்ஸஸ்', புரோட்டோகால் டிசிபி, போர்ட் 7000, உங்கள் விபிசி. பெயர் ஒன்று கொடுத்துவிட்டுக் கீழே இறங்குங்கள்.

படி 3: ஹெல்த் செக் எண்கள்

'ஹெல்த் செக் புரோட்டோகால்' என்ற இடத்தில் டிசிபி என்று இருக்கும். ஹெச்டிடிபி ஆக்குங்கள். டிராஃபிக் டிசிபியாக இருந்தாலும் சோதனை ஹெச்டிடிபியாக இருக்கலாம். பாதையில் நம் ஹெல்த் பாதை. பிறகு 'அட்வான்ஸ்டு ஹெல்த் செக் செட்டிங்ஸ்' விரியுங்கள்.

போர்ட்: 'டிராஃபிக் போர்ட்' என்று இருக்கும். 'ஓவர்ரைடு' தேர்ந்து 8080 கொடுங்கள்.

இன்டர்வெல் 30 விநாடி என்று வரும், 5 முதல் 300 வரை வைக்கலாம். அன்ஹெல்தி த்ரெஷோல்டு 2, ஹெல்தி த்ரெஷோல்டு 5 என்று வரும், இரண்டையும் 2 முதல் 10 வரை மாற்றலாம். இந்த எண்களை நேரமாக மாற்றி யோசியுங்கள். 30 விநாடிக்கு ஒரு முறை, இரண்டு முறை தவறினால்தான் நோயாளி. அதாவது பழுதைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய ஒரு நிமிடம். குணமான சர்வர் மறுபடி வேலைக்கு வர ஐந்து வெற்றி, அது இரண்டரை நிமிடம்.

ஐஸ் கம்பெனிக்கு நான் வைத்தது: இன்டர்வெல் 10, அன்ஹெல்தி 2, ஹெல்தி 3, டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) 5. பழுது இருபது விநாடி சுமாரில் தெரிந்துவிடும், அரை நிமிடத்தில் திரும்பி வரும். சென்சார் அரை நிமிடத்துக்கு ஒரு வரிதான் அனுப்புகிறது, ஒன்றிரண்டு வரி போனால் பாதகமில்லை. உங்கள் வேலைக்கு எவ்வளவு நேர இழப்பு தாங்கும் என்று முதலில் முடிவுசெய்யுங்கள், எண் அதிலிருந்து வரும். டைம்அவுட் ஹெச்டிடிபிக்கு 6 விநாடி, டிசிபிக்கும் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கும் 10 விநாடி என்று வரும். அது இன்டர்வெல்லைவிடக் குறைவாக இருக்கட்டும். இன்டர்வெல் 10 அல்லது 30 மட்டும்தான் என்று பழைய விளக்கங்களில் படித்தால் குழம்ப வேண்டாம், அந்தக் கட்டுப்பாடு இப்போது இல்லை.

சக்சஸ் கோட்ஸ் 200-399 என்று இருக்கும். இதை 200 என்று மட்டும் மாற்றுங்கள். காரணம், உங்கள் செயலி எல்லாரையும் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிற ரகம் என்றால் 302 வரும், அதுவும் வெற்றியாகவே எண்ணப்படும். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருமே பார்க்கவில்லை, ஆனால் பச்சை விளக்கு எரியும்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. ஹெல்த் செக் கோரிக்கையின் ஹோஸ்ட் ஹெடரில் (எந்தத் தளத்தைக் கேட்கிறோம் என்று சொல்லும் வரி) உங்கள் டொமைன் பெயர் வராது, லோட் பேலன்சர் நோடின் (ஒவ்வொரு சோனிலும் லோட் பேலன்சராக வேலை செய்யும் பகுதி) ஐபிதான் வரும். ஜாங்கோ (பைதானில் இணையச் செயலி எழுத உதவும் கட்டமைப்பு) போன்றவை தெரியாத ஹோஸ்ட்டைக் கண்டால் 400 என்று விரட்டிவிடும். சர்வர் நல்லபடி இருந்தும் சிவப்பு. ஹெல்த் பாதைக்கு மட்டும் அந்தச் சோதனையைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்த திரையில் இரண்டு சர்வர்களையும் தேர்ந்து சேர்த்து, டார்கெட் குரூப்பை உருவாக்குங்கள்.

படி 4: செக்யூரிட்டி குரூப்

எந்த இணைப்பை உள்ளே, வெளியே விடலாம் என்ற விதித் தொகுப்புதான் செக்யூரிட்டி குரூப். லோட் பேலன்சருக்கு ஒன்று, சர்வர்களுக்கு வேறொன்று. சர்வர் குரூப்பின் இன்பவுண்டில் 7000, 8080 இரண்டையும் லோட் பேலன்சர் குரூப்பிலிருந்து மட்டும் அனுமதியுங்கள். லோட் பேலன்சர் குரூப்பின் அவுட்பவுண்டிலும் இந்த இரண்டு போர்ட்டும் திறந்திருக்க வேண்டும், ஹெல்த் செக் அந்த வழியாகத்தான் வெளியே போகும். 8080ஐ மறந்தால் டிராஃபிக்குக்கு வழி இருக்கும், ஹெல்த் செக் மட்டும் தோற்கும்.

லோட் பேலன்சரை உருவாக்கும்போதே செக்யூரிட்டி குரூப்பை இணைத்துவிடுங்கள். ஒன்றுகூட இல்லாமல் உருவாக்கினால் பிறகு சேர்க்க முடியாது, புதிதாக உருவாக்க வேண்டியதுதான்.

படி 5: லோட் பேலன்சர்

'லோட் பேலன்சர்ஸ்', 'கிரியேட்', அதில் 'நெட்வொர்க் லோட் பேலன்சர்'. 'இன்டர்நெட் ஃபேஸிங்' தேர்ந்து, சர்வர்கள் இருக்கும் இரண்டு சோன்களையும் டிக் செய்யுங்கள். ஒவ்வொரு சோனுக்கும் ஓர் எலாஸ்டிக் ஐபி (மாறாத ஐபி முகவரி) கொடுக்கலாம். லிசனர் (லோட் பேலன்சர் இணைப்புகளை வாங்கும் வாசல்) டிசிபி 7000, அது போய்ச் சேர வேண்டியது நாம் உருவாக்கிய டார்கெட் குரூப்.

என் சென்சார்களில் ஐபி முகவரி நேரடியாகப் பதிந்திருந்தது. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு சோனில் நல்ல சர்வரே இல்லையென்றால், அந்த சோனின் ஐபியை டிஎன்எஸ்ஸிலிருந்து (டொமைன் பெயருக்கு ஐபி சொல்லும் அகராதி) நீக்கிவிடுவார்கள். டொமைன் பெயரைக் கேட்டு வருகிறவர்கள் தப்பிப்பார்கள். ஐபியை மனப்பாடம் செய்துவைத்திருக்கும் கருவிக்கு அது தெரியாது, மூடிய வாசலையே தட்டிக்கொண்டிருக்கும். சென்சாரில் டொமைன் பெயரைப் பதிவதே நல்லது. முடியாவிட்டால் 'கிராஸ் சோன் லோட் பேலன்சிங்' இயக்குங்கள். நெட்வொர்க் லோட் பேலன்சரில் அது இயங்காத நிலையில்தான் வரும். இயக்கினால் எந்த வாசலில் நுழைந்தாலும் அடுத்த சோன் சர்வருக்கும் போக முடியும், சோன் தாண்டும் டேட்டாவுக்குக் கட்டணம் சேரும்.

படி 6: பார்ப்பது

டார்கெட் குரூப்பின் 'டார்கெட்ஸ்' பகுதியில் முதலில் 'இனிஷியல்' என்று காட்டும். சில நிமிடம் பொறுங்கள். 'அன்யூஸ்டு' என்றால் லிசனரோடு இணைக்கவில்லை, அல்லது சர்வர் இருக்கும் சோன் லோட் பேலன்சரில் இயக்கப்படவில்லை. 'அன்ஹெல்தி' என்றால் 127.0.0.1, செக்யூரிட்டி குரூப், ஹோஸ்ட் ஹெடர் என்ற வரிசையில் தேடுங்கள். எனக்கு இந்த மூன்றுக்குள்ளேயே பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

சர்வர் லாகில் 10 விநாடிக்கு ஒன்றுக்கு மேல் கோரிக்கைகள் வருவதைக் கண்டு பயப்படாதீர்கள். சோதிப்பது ஒரே ஒரு நோட் கிடையாது. ஒவ்வொரு முறையும் லாகில் எழுதினால் அதுவே டிஸ்க்கை நிரப்பும், ஹெல்த் பாதைக்கு லாகை நிறுத்திவிடுங்கள்.

படி 7: உடைத்துப் பார்ப்பது

இந்தப் படியைச் செய்யாமல் விட்டதுதான் நான் செய்த தவறு. ஒரு சர்வரில் பெரிய கோப்பு ஒன்றை எழுதி டிஸ்க்கை நிரப்புங்கள். கையில் கடிகாரம். ஹெல்த் பக்கம் 503 தர, 20 முதல் 30 விநாடிக்குள் அந்த சர்வர் சிவப்பாக வேண்டும். நோயாளியான சர்வரின் பழைய இணைப்புகளை லோட் பேலன்சரே அறுத்துவிடும், இது முதலிலேயே இயங்கும் நிலையில் வரும் அமைப்பு. சென்சார்கள் மறுபடி இணைந்து நல்ல சர்வருக்குப் போக வேண்டும். அதனால் உங்கள் கருவியில் இணைப்பு அறுந்தால் திரும்ப இணையும் நிரல் இருக்கிறதா என்பதும் இங்கே தெரிந்துவிடும்.

அடுத்து இரண்டு சர்வரையும் ஒன்றாகக் கெடுத்துப் பாருங்கள். இரண்டும் சிவப்பு, ஆனால் டிராஃபிக் நிற்காது, இரண்டுக்குமே போய்க்கொண்டிருக்கும். எல்லாருமே நோயாளி என்றால் லோட் பேலன்சர் சோதனை முடிவை ஒதுக்கிவைத்துவிட்டு எல்லாருக்கும் அனுப்பும். தெரியாதவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள்.

படகு ஜிபிஎஸ் கருவிகள் போல யூடிபியில் (இணைப்பு ஏற்படுத்தாமல் அனுப்பும் முறை) அனுப்பும் சாதனங்கள் உங்களிடம் இருந்தாலும் இதே முறைதான். யூடிபிக்கென்று ஹெல்த் செக் கிடையாது, டிசிபி, ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ் ஏதாவது ஒன்றில்தான் சோதிக்க முடியும், 8080 போல ஓர் ஹெச்டிடிபி பக்கம் வைப்பதே நல்லது.

படி 8: அலாரம்

கிளவுட்வாட்ச்சில் (ஏடபிள்யூஎஸ்ஸின் கண்காணிப்புச் சேவை) 'அன்ஹெல்தி ஹோஸ்ட் கவுன்ட்' என்ற அளவை எடுங்கள். 'மேக்ஸிமம்', ஒரு நிமிட இடைவெளி, தொடர்ந்து இரண்டு முறை 1 அல்லது அதற்கு மேல் என்றால் உங்கள் போனுக்கு எஸ்எம்எஸ். கம்ப்ரஸர் சென்சாரிலிருந்து 3 நிமிடம் வரி வரவில்லையென்றால் கம்பெனி அண்ணன் போனுக்கே நேராகப் போகிற இன்னொரு அலாரத்தையும் வைத்தேன். அதற்கும் லோட் பேலன்சருக்கும் தொடர்பு கிடையாது, டேட்டாபேஸில் கடைசி வரியின் நேரத்தைப் பார்க்கிற சின்ன நிரல், அவ்வளவுதான். அதையும் சோதித்துவிடுங்கள்: சென்சாரின் ஒயரைக் கழற்றிவிட்டு, போன் அடிக்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.