விடியற்காலை பி.எச். காட்டிக்கொடுத்த பிழை

கரியமில வாயுவும் பி.எச்.சும் நுண்பாசியின் வளர்ச்சியை எப்படி மாற்றுகின்றன என்று கணிக்க ஒரு கணித மாதிரி எழுதினேன் (பி.எச். என்பது நீரின் அமில, கார நிலையைச் சொல்லும் எண்). முதல் நாள் அளவீட்டோடு அழகாகப் பொருந்தியது. மூன்றாம் நாளுக்குள் கணக்கில் பி.எச். சரிந்து, பாசி செத்துக் கிடந்தது. தொட்டியிலோ பச்சைப்பசேல் என்று வளர்ந்துகொண்டிருந்தது.

உச்ச வளர்ச்சி வீதத்தை மாற்றினேன். கணக்கின் காலப் படியைச் சுருக்கினேன். பி.எச். அளக்கும் மின்முனையைக் குற்றம்சாட்டி, பி.எச். 4, 7, 10 என்று நிலையாக நிற்கும் தாங்கற்கரைசல்களில் மறுபடி அளவுதிருத்தம் செய்தேன். பாவம், அது சரியாகத்தான் இருந்தது. ஒரு வாரம் போயிற்று.

வரைபடத்தில் பகல் ஏற்றத்தை மட்டுமே பார்த்துவந்தேன். விடியற்காலைப் புள்ளிகளை மட்டும் தனியே எடுத்தபோதுதான் கண்ணில் பட்டது: வாயு ஓட்டம் மாறாமலிருந்தும், ஒவ்வொரு விடியலிலும் பி.எச். முந்தைய நாளைவிடச் சற்று உயர்ந்திருந்தது. அப்படியானால் காரத்தன்மை, அதாவது அமிலத்தைச் சமன்செய்யும் நீரின் திறன், கூடுகிறது. நானோ பாசி உண்ணும் கார்பனைப் பைகார்பனேட்டிலிருந்து (கரைந்த கரியமில வாயுவின் ஒரு வடிவம்) நேரடியாகக் கழித்து, காரத்தன்மையைக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

கார்பனை உறிஞ்சுவதால் மொத்தக் காரத்தன்மை மாறாது. நைட்ரேட்டை உறிஞ்சினால் மோலுக்கு மோல் கூடும். அம்மோனியம் என்றால் குறையும். ஆகவே மொத்தக் கனிமக் கார்பன் (கரைந்த கரியமில வாயு, பைகார்பனேட், கார்பனேட் மூன்றின் கூட்டு), காரத்தன்மை இரண்டையும் தனித்தனி மாறிகளாக்கி, ஒவ்வொரு படியிலும் அவற்றிலிருந்து பி.எச்.சைக் கணக்கிட்டேன். விடியல் புள்ளிகள் கோட்டில் உட்கார்ந்தன. அப்பாடா!

இந்தக் கணக்கில் நான் வைத்த 6.35 என்ற கார்பானிக் அமிலத்தின் முதல் பிரிகை மாறிலி (pK₁; கரைந்த கரியமில வாயு பைகார்பனேட்டாகப் பிரியும் அளவைச் சொல்வது) 25 பாகை செல்சியஸ் நன்னீருக்கானது. கடல்நீரில் வளர்ப்பவர்கள் அதை அப்படியே எடுக்க வேண்டாம்.