பிரசங்கத்துக்கு முன் வல்லமைக்காக ஜெபிப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரசங்க பீடத்தில் ஏறுமுன் "ஆண்டவரே, இன்றைக்கு விசேஷ அபிஷேகத்தைத் தாரும்" என்று, அதாவது பேசுவதற்குப் பரிசுத்த ஆவியானவர் தரும் வல்லமையை, கேட்கலாமா? கேட்க வேண்டும் என்பதே எங்கள் பதில். கோளாறு எங்கே வருகிறது என்றால், எதைக் கேட்கிறோம் என்று யோசிக்காமல் கேட்பதில். கிடைத்ததா இல்லையா என்பதைத் தவறான அடையாளத்தை வைத்து அளப்பதில் அது முற்றிவிடுகிறது.

"ஆவியானவர் ஏற்கெனவே எனக்குள் இருக்கிறாரே, மறுபடியும் ஏன் கேட்க வேண்டும்?" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். 1 யோவான் 2:20, 27 அபிஷேகத்தை விசுவாசிகள் எல்லாருக்கும் உரியதாகச் சொல்வது உண்மைதான். ஆனால் பேதுருவைப் பாருங்கள். பெந்தெகொஸ்தே நாளில் நிரப்பப்பட்டவர் (அப்போஸ்தலர் 2:4), ஆலோசனைச் சங்கத்தாருக்கு முன் நின்றபோது மறுபடியும் "பரிசுத்த ஆவியினாலே நிறைந்து" பேசுகிறார் (4:8). சபையார் கூடி ஜெபித்தபோது எல்லாரும் திரும்பவும் நிரப்பப்படுகிறார்கள் (4:31). ஆவியானவர் உள்ளே வாசம்பண்ணுவது ஒன்று. ஒரு வேளையின் தேவைக்குப் பெலன் தருவது இன்னொன்று.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் சேப்பலில் 1968 வரை ஊழியம் செய்த மார்ட்டின் லாயிட்-ஜோன்ஸ், பிரசங்கியார் இந்த விசேஷ வல்லமையை எப்போதும் நாடித் தேட வேண்டும் என்று அழுத்திச் சொன்னவர். பிரசங்கியாருக்கென்று தனி அபிஷேகம் ஒன்றைப் புதிய ஏற்பாடு எங்கும் வாக்களிக்கவில்லையே என்று கேட்பவர்களும் உண்டு. "விசேஷ" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதைவிட, அப்போஸ்தலர்கள் எதைக் கேட்டார்கள் என்று பார்ப்பது பயன் தரும்.

மிரட்டலுக்கு நடுவே எருசலேம் சபையார் கேட்டது வசனத்தை முழு தைரியத்தோடு சொல்வதற்கு (அப்போஸ்தலர் 4:29). காவலில் இருந்த பவுல் கேட்கச் சொன்னது வாயைத் திறக்கும்போது வாக்கு கொடுக்கப்பட வேண்டும் என்று (எபேசியர் 6:19). கொலோசெயர் 4:3-4இல் திறந்த வாசலும், பேசவேண்டிய விதமாய்ப் பேசி வெளிப்படுத்துகிற தெளிவும். 2 தெசலோனிக்கேயர் 3:1இல் வசனம் பரவ வேண்டும் என்பது. உடலில் ஓர் உணர்வு வர வேண்டும் என்று இவற்றில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

ஆகவே "வல்லமையைத் தாரும்" என்று மொத்தமாகக் கேட்டு எழுந்துவிடாதீர்கள். அதைப் பிரித்துக் கேளுங்கள். எடுத்துக்கொண்ட வேதபகுதியில் எந்த வரியைச் சொல்லத் தயங்குகிறீர்களோ, அந்த வரியைக் குறிப்பிட்டுத் தைரியம் கேளுங்கள். செய்தியின் மையக்கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் தெளிவுக்காக ஜெபிக்க வேண்டிய இடமும் இன்னும் படிக்க வேண்டிய இடமும் அதுதான். கேட்க வரப்போகிறவர்களில் நாலைந்து பேரைப் பெயர் சொல்லி, இந்தப் பகுதி அவர்களுடைய நிலைமைக்கு என்ன சொல்கிறது என்று யோசித்தபடி ஜெபியுங்கள். அப்படி ஜெபித்தால் செய்தியின் உதாரணங்களே மாறிவிடும்.

ஆயத்தத்துக்குப் பதிலாக ஜெபத்தை வைப்பது அடுத்த தவறு. "என்னத்தைப் பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள்" (மத்தேயு 10:19) என்பதை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்த வாக்கியம் தொடங்குவதே "அவர்கள் உங்களை ஒப்புக்கொடுக்கும்போது" என்று. பிடித்துக்கொண்டுபோய் நிறுத்தப்படுகிற சீஷனுக்கான வாக்குத்தத்தம் அது. வாரம் முழுவதும் நேரம் இருந்தும் வேதத்தைத் திறக்காதவருக்கு அதில் இடமில்லை. ஆதிச்சபையில் பிரசங்கித்த அப்பொல்லோ ஆவியில் அனலுள்ளவன்தான். அவனுக்கும் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விவரித்துக் காட்ட வேண்டியிருந்தது (அப்போஸ்தலர் 18:24-26).

இதோடு சேர்ந்தது, ஜெபத்தைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒதுக்குவது. அந்த நேரத்தில் எழுகிற ஜெபத்தில் பெரும்பகுதி பதற்றம்தான். வேதபகுதியைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தொடங்குங்கள். குறிப்புகளை எழுதுமுன் ஒரு முறை, எழுதி முடித்தபின் ஒவ்வொரு பிரிவாக வாசித்து ஒரு முறை ஜெபியுங்கள். பீடத்துக்குப் போகுமுன் இரண்டு நிமிட அமைதி போதும்.

எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்வது உணர்ச்சியை அளவுகோலாக்குவது. உடல் சிலிர்த்தது, கண்ணீர் வந்தது, சபை "அல்லேலூயா" என்று முழங்கியது, ஆகவே அபிஷேகம் இறங்கியது என்று கணக்குப் போடுகிறோம். கொரிந்துவில் பவுல் "பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்" இருந்தார் (1 கொரிந்தியர் 2:3). ஆவியின் பெலன் விளங்கியதாக அடுத்த வசனம் சொல்கிற பிரசங்கம் அதே பிரசங்கம்தான். உணர்ச்சியை எதிர்பார்த்து நிற்பவர், அது வராதபோது தாமே அதை உண்டாக்கப் பார்ப்பார்: குரல் உயரும், ஒரே வாக்கியம் நாலு முறை வரும், கையிலிருக்கும் வேதபகுதி நழுவிப்போகும். சபையும் நாளடைவில் சத்தத்தையே வல்லமை என்று பழகிக்கொள்ளும். உள்ளம் வறண்டு கிடக்கிற நாளிலும் ஆயத்தம் செய்ததை ஆயத்தம் செய்தபடியே பேசுங்கள். "இன்றைக்கு எனக்கு விடுதலையாய் இல்லை" என்று சபைக்கு அறிவிக்கத் தேவையில்லை. உள்ளம் கொழுந்துவிட்டு எரிந்த நாளில், ஒலிப்பதிவை இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். குறிப்பில் இல்லாமல் அப்போது வந்து விழுந்த பகுதிகள் வசனத்திலிருந்து வந்தவையா என்று வேதத்தைத் திறந்துவைத்துச் சரிபாருங்கள்.

"நான் மறைந்துபோகிறேன், இனி நீரே பேசும்" என்று சபைக்கு முன் ஜெபிப்பது தாழ்மையாகத் தோன்றும். அதற்குப்பின் சொல்வதெல்லாம் தேவன் நேரடியாகச் சொன்னது என்று கேட்கிறவர்கள் எடுத்துக்கொண்டால், யாரும் கேள்வி கேட்க முடியாத இடத்தில் நம்மையே வைத்துவிட்டோம். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். அதற்காகப் பாராட்டப்பட்டார்கள் (அப்போஸ்தலர் 17:11). அந்த ஜெபத்தைச் சுருக்கமாகவே வையுங்கள்: பேசுகிறவருக்கு உண்மை, கேட்கிறவர்களுக்குப் பகுத்தறியும் இருதயம்.

வீட்டில் மனைவியோடு மனஸ்தாபத்தைத் தீர்க்காமல் வந்து வல்லமை கேட்பதைப் பற்றி 1 பேதுரு 3:7 சொல்வது நேரானது: ஜெபத்துக்கே தடை வரும். முதலில் அங்கே பேசி முடியுங்கள்.

தனியாகவே ஜெபிப்பதும் தவறுதான். பவுலே மற்றவர்களிடம் ஜெபம் கேட்டு எழுதினார். மூன்று பேரைத் தேர்ந்துகொள்ளுங்கள். "எனக்காக ஜெபியுங்கள்" என்பதோடு நிறுத்தாமல், வேதபகுதி எது, எந்த இடம் கடினமாக இருக்கிறது என்று இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள்.

செய்தி முடிந்ததும் ஜெபத்தையும் முடித்துவிடுகிறோம். விதைத்ததைப் பொல்லாங்கன் வந்து பறித்துக்கொள்வது விதைப்புக்குப் பிறகுதானே (மத்தேயு 13:19). பெயர் சொல்லி ஜெபித்த அந்த நாலைந்து பேருக்காக அன்று மாலையும் மறுநாள் காலையும் திரும்ப ஜெபியுங்கள்.