பூட்லோடருக்குள் போனதும் காணாமல்போன போன்

மூன்று நாள் மினக்கெட்டு இப்பதான் சரிவந்தது. அன்ட்ரொயிட் போனில் கஸ்டம் ரோம் (கம்பனி தந்ததுக்குப் பதிலாகப் போடும் வேறு இயங்குதளம்) போட முதல் பூட்லோடரை, அதாவது போன் தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் சிறு மென்பொருளை, திறக்க வேண்டும். போன் வழமைபோல இயங்கும்போது, கணினியிலிருந்து போனோடு பேசும் ஏடிபி கருவியின் ‘ஏடிபி டிவைசஸ்’ கட்டளை அதை வடிவாகக் காட்டியது. பூட்லோடருக்குப் போனதும், அந்த நிலையில் போனோடு பேசும் ஃபாஸ்ட்பூட் கருவியின் ‘ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்’ கட்டளையை அடித்தால் ஒன்றும் வரவில்லை. கஸ்தூரியார் வீதியில் புது டேட்டா கேபிள் வாங்கினேன். டிரைவரை (விண்டோஸ் போனோடு பேச உதவும் மென்பொருள்) இரண்டு தரம் அழித்துத் திரும்பப் போட்டேன். பலனில்லை.

பலர் கவனிக்காத விசயம்: ஏடிபி நிலையில் உள்ள போனும் ஃபாஸ்ட்பூட் நிலையில் உள்ள போனும் விண்டோஸுக்கு இரண்டு வேறு சாதனங்கள். டிரைவரும் தனித்தனியாகப் பொருந்த வேண்டும். போன் பூட்லோடரில் நிற்கும்போதே விண்டோஸில் இணைந்த சாதனங்களைக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். மஞ்சள் குறியோடு ‘அன்ட்ரொயிட்’ என்று இருந்தது. கூகிள் யூஎஸ்பி டிரைவரிலிருந்து ‘அன்ட்ரொயிட் பூட்லோடர் இன்டர்ஃபேஸ்’ என்பதைக் கையால் தெரிவு செய்ததும் ‘ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்’ கட்டளைக்குப் போனின் சீரியல் இலக்கம் வந்தது.

பூட்லோடரைத் திறக்கும்போது போனில் உள்ளதெல்லாம் அழியும். படங்களை முதலே எடுத்து வையுங்கோ.