பினாங்கில் கை கடிக்காமல் பொருள் வாங்குவது எப்படி?

போன பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்து வந்த சின்னம்மா, ஃபெரியை விட்டு இறங்கியதுமே கேட்டார்: "தீவுதானே, சாக்லெட், சென்ட்டுக்கெல்லாம் வரி இருக்காதே? எந்தக் கடையில வாங்கலாம்?" வருஷத்துக்கு நாலு விருந்தாளிகளாவது என்னிடம் இதையே கேட்கிறார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: எந்தத் தீவில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பினாங்கு ஒரு காலத்தில் வரியில்லாத் துறைமுகம்தான். அந்தச் சலுகை 1969இல் போய்விட்டது. இப்போது வரியில்லாத் தீவு என்பது லங்காவி. அதற்கு அந்த அந்தஸ்து கிடைத்தது 1987இல். சாக்லெட்டும் வாசனைத் திரவியமும்தான் வேண்டுமென்றால் அங்கே போங்கள். இங்கே பேரங்காடியில் இருக்கும் விலை கோலாலம்பூர் விலைதான். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்புவதில் தோள்வலிதான் மிச்சம்.

படி 2: பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு பக்கம், இந்த ஊர்ச் சரக்கு: ஜாதிக்காய், பழ ஊறுகாய், பெலாச்சான் என்னும் இறால் விழுது, பருப்புப் பூரணம் வைத்த தாவ் சார் பியா பிஸ்கட். மறுபக்கம், எங்கேயும் கிடைப்பது. லிட்டில் இந்தியாவில் சேலைக் கடைகளைப் பார்த்தால் கால் தானாக நிற்கும், தெரியும். ஆனால் கோலாலம்பூர்க்காரருக்கு மஸ்ஜித் இந்தியாவும் கிள்ளானும் பக்கத்திலேயே இருக்கின்றன. அதே சேலையை இங்கே வாங்கிச் சுமப்பானேன்? மறுபக்கம் எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். பாதிச் செலவு அங்கேயே நின்றுவிடும்.

படி 3: காசைச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் விமான நிலையத்தில் டாக்சிக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் மாற்றினால் போதும். மீதியை ஜார்ஜ் டவுனில் இரண்டு மூன்று மணி சேஞ்சர்களிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். கார்டு தேய்க்கும்போது இயந்திரம் "உங்கள் ஊர்ப் பணத்தில் கட்டலாமா?" என்று கேட்கும். வேண்டாம், மலேசிய வெள்ளியிலேயே (ரிங்கிட்) கட்டுங்கள். உங்கள் பணத்துக்கு மாற்றிக் காட்டும் விலையில் அவர்களுடைய கமிஷனும் சேர்ந்திருக்கும்.

ரேபிட் பினாங்கு பேருந்தில் பாக்கிச் சில்லறை தரமாட்டார்கள் என்பதால் ஒரு வெள்ளி நோட்டுகள் கையில் இருக்கட்டும். நகருக்குள் சுற்ற இலவச கேட் பேருந்து இருக்கிறது. துணிப்பை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள், 2011 முதல் இங்கே எந்த நாளும் இலவச பிளாஸ்டிக் பை கிடையாது.

படி 4: காலையில் சௌராஸ்தா

பினாங்கு ரோட்டில் இருக்கும் சௌராஸ்தா சந்தையில்தான் ஊறுகாய்க் கடைகள். ஜாதிக்காய், மாங்காய், நெல்லிக்காய் எல்லாம் கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக நிற்கும். சுவைத்துப் பார்க்கக் கொடுப்பார்கள், தயங்காமல் கேளுங்கள். வெறுங்கையோடு வந்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இங்கே நான் ஏமாந்த கதையைச் சொல்லியே ஆகவேண்டும். திருமணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், அட்டையில் இருந்த விலை கிலோவுக்கு என்று நினைத்து "ரெண்டு கிலோ போடுங்க" என்றேன். கடைக்காரர் கட்டி முடித்துக் கணக்குச் சொன்னதும் கணவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அட்டையின் மூலையில் பொடி எழுத்தில் 100 கிராம் என்று இருந்தது. ஏமாற்று இல்லை, எல்லா ஊறுகாய்க் கடையிலும் அதுதான் வழக்கம், பார்க்காதது என் தப்பு. அன்றிலிருந்து இன்றுவரை விலையை விட எடையைத்தான் முதலில் படிக்கிறேன்.

படி 5: இரவில் பத்து ஃபெரிங்கி, பேரம் அங்கேதான்

ஜெட்டியிலிருந்து 101ஆம் எண் பேருந்து நேராகப் போகும். கடற்கரைச் சாலையோரம் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை விளக்குப் போட்டதும் முதலில் ஒரு முறை கடைசி வரை நடந்துவிட்டு வாருங்கள், எதையும் தொடாமல். ஒரே சட்டை பத்துக் கடையில் தொங்கும். திரும்பி வரும்போது கேளுங்கள்.

சொன்ன விலையில் பாதிக்குக் கொஞ்சம் கீழே தொடங்குவது என் கணக்கு. "போலே குராங், காக்?" (குறைக்கலாமா, அக்கா?) என்று மலாயில் சிரித்துக்கொண்டே கேட்டால் ஒரு படி இறங்கும். கடைக்காரர் நம்மவராக இருந்தால் "அண்ணே, ரெண்டா எடுத்துக்குறேன், பார்த்துப் போடுங்க" போதும். போன முறை 60 வெள்ளி சொன்ன கடற்கரை உடை 28க்கு வந்தது. 25க்கு இழுத்திருக்கலாம், மழை தூறிவிட்டது. ஒன்று மட்டும் கவனம்: உங்கள் விலைக்கு அவர் ஒத்துக்கொண்டபின் "சும்மா கேட்டேன்" என்று நகராதீர்கள். அது அழகில்லை.

பாத்தேக் (மெழுகு வைத்துச் சாயமேற்றிய துணி) வாங்கினால் துணியைத் திருப்பிப் பாருங்கள். கையால் வரைந்ததிலும் அச்சுக்கட்டை ஒற்றியதிலும் சாயம் இரு பக்கமும் ஊறியிருக்கும். பின்பக்கம் வெளுத்திருந்தால் பெரும்பாலும் இயந்திரத்தில் அச்சடித்தது, அதற்குக் கைவேலை விலை கொடுக்காதீர்கள். கடைசிப் பேருந்து நேரத்தையும் முன்னாடியே பார்த்து வையுங்கள். விட்டுவிட்டால் பேரத்தில் பிடித்த காசு அத்தனையும் கிராப் காருக்குப் போய்விடும்.

தங்கம் வாங்குபவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: 916 (22 காரட்) நகையில் அன்றைய கிராம் விலை பலகையில் இருக்கும், அதில் பேசிப் பயனில்லை. செய்கூலியில் பேசுங்கள்.

படி 6: மூட்டை கட்டும்போது

சிங்கப்பூர் உறவினர்கள் சிலர் இன்னமும் ரசீதுகளைச் சேர்த்துவைக்கிறார்கள், விமான நிலையத்தில் வரியைத் திருப்பித் தருவார்களாம். அது ஜி.எஸ்.டி. காலத்து ஏற்பாடு. 2018இல் ஜி.எஸ்.டி. போனபோதே அதுவும் போய்விட்டது.

ஜாதிக்காய்ப் பாகு பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள். வெளிநாடு போகும் விமானமென்றால், 100 மில்லிக்கு மேல் இருந்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். கூடுதல் எடைக்கு விமானத்தில் கட்டும் பணம் ஊறுகாய் விலையையே தாண்டிவிடும் என்பதால், சீனி போட்டு உலர்த்திய ஜாதிக்காயாகக் கேட்டு வாங்குங்கள். சின்னம்மா கேட்கவில்லை. தண்ணீர் ஊறுகாயை மூன்று பையாகக் கட்டி வாங்கினார். கோலாலம்பூர் போகும் வழியில் தாப்பா தாண்டுவதற்குள் ஒரு பை அவிழ்ந்து, புதுத் துணி முழுக்க ஜாதிக்காய் வாசனையாம்.